பின்தளத்தில் நின்ற ஒற்றை ஆள்

துணியை எடுத்துப் பார்த்தார் ஆணிக்காரர். ஈயின் எச்சம் போயே போய்விட்டது. துணியில் கறுப்பாக ஒரு பொட்டு. ஓவியத்தில், கப்பலின் பின்தளம் அலம்பிவிட்டதைப் போலப் பளிச்சென்று இருந்தது.

“எவ்வளவு பெரிய கப்பல்! இதுமேல வந்து உட்கார்ந்து அசிங்கம் பண்ணணும்னா அந்த ஈக்கு எவ்வளவு திமிரு இருக்கணும்!” என்று காலியான ஹாலைப் பார்த்துச் சொன்னார்.

சொல்லிவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார். பார்த்ததற்குக் காரணம் இருந்தது. அந்த ஏலக் கூடத்தில் ஒரு விதி உண்டு. துணியால் மரச்சட்டத்தைத் துடைக்கலாம், படத்தைத் தொடக்கூடாது. விரல் நுனிகூடப் படக்கூடாது. போன வருடம் ஓர் உதவியாளர், ஏதோ ஒரு குதிரைப் படத்தின் வாலில் தொங்கிய சிலந்தி நூலை இரண்டு விரலால் எடுத்தார். மத்தியானச் சாப்பாட்டை அவர் வீட்டில் போய்ச் சாப்பிடும்படி ஆகிவிட்டது. மறுநாளும் வீட்டில்தான். அதற்கடுத்த நாளும்.

ஆணிக்காரருக்கு இது தெரியாததல்ல. இருபத்திரண்டு வருடங்களாக அங்கே படம் மாட்டுகிறவர் அவர். எத்தனையோ பூச்சாடிகளையும், குதிரைகளையும், ஊரான் வீட்டுத் தாத்தாக்களையும் சுவரில் ஏற்றி இறக்கியிருக்கிறார். எதுவும் அவரை அசைத்ததில்லை. படம் என்றால் அவருக்கு எடை, கொக்கி, மட்டம், அவ்வளவுதான்.

போன வாரம் இந்தக் கப்பல் வந்தது. ஏழடி அகலம். நான்கு பேர் சேர்ந்து தூக்கி, சுவரில் ஏற்றி, மட்டம் பார்க்கப் பின்னால் நகர்ந்து நிமிர்ந்த ஆணிக்காரர் அப்படியே நின்றுவிட்டார்.

கறுப்புச் சுவர் ஒன்று கடலைப் பிளந்துகொண்டு வருவதைப் போல இருந்தது. அதற்கு மேலே வெள்ளை மாடிகள். மாடிகளுக்கு மேலே நான்கு புகைபோக்கிகள். பக்கவாட்டில் வரிசை வரிசையாக வட்ட ஜன்னல்கள், ஒவ்வொன்றிலும் விளக்கு. எண்ணிப் பார்க்க எத்தனையோ முறை முயன்றார்; இருநூற்றுச் சொச்சத்தில் கண் வழுக்கிவிடும். கீழே, கப்பலைத் துறைமுகத்திலிருந்து இழுத்துவிட வந்த படகு, வாசலில் கழற்றிப்போட்ட ஒற்றைச் செருப்பைப் போலக் கிடந்தது. மனிதன் இப்படியும் ஒன்றைக் கட்டினானா என்று மட்டம் பார்க்கவே மறந்துவிட்டார். கப்பலில் ஏறியதே இல்லாதவர் அவர். ஆனாலும் அந்தப் படத்தின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றால் காலடியில் தரை மெல்ல ஆடியது. சுவரைப் பிடித்துக்கொள்வார்.

அப்படிப்பட்ட கப்பலில் ஈ எச்சம் இருந்தால் மனம் பொறுக்குமா? அந்தப் புதன்கிழமை காலை, யாரும் வருவதற்கு முன்னால், ஈரத்துணியால் இரண்டே தேய்ப்பு.

ஒன்பது மணிக்குக் காவல்காரர் வந்தார். படத்துக்கு நேர் எதிரே, சுவரோரம் இருக்கும் நாற்காலிதான் அவர் இடம். பேசினால் காசு கொடுக்க வேண்டுமோ என்று நினைப்பவர் அவர். அவருக்கு இருக்கிற ஒரே செலவு பாலிஷ்தான். அவர் ஷூவைக் கண்ணாடியாக வைத்துக்கொண்டு தலை வாரலாம். உட்கார்ந்தார். படத்தைப் பார்த்தார். சட்டென்று எழுந்து கிட்டே போனார். தொப்பியைக் கழற்றினார். மறுபடி மாட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

‘சுத்தமானதைக் கவனித்துவிட்டார்’ என்று பெருமைப்பட்டுக்கொண்டார் ஆணிக்காரர்.

அந்தப் பெருமை மத்தியானம் வரைதான்.

மத்தியானம் அச்சகத்திலிருந்து ஏலப் பட்டியல் புத்தகங்கள் வந்தன. எழுதியவர் பூதக்கண்ணாடி. அவர் இயற்பெயர் சம்பளப் பதிவேட்டில் மட்டும்தான் இருந்தது. கையில் எந்நேரமும் இருக்கும் கண்ணாடிதான் அவர் பெயர். ஆணிக்காரர் ஆசையாகக் கப்பல் பக்கத்தைப் புரட்டினார். உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புகைப்படம். கீழே எழுத்துக் கூட்டிப் படிக்க வேண்டிய அளவுக்குப் பொடி எழுத்து.

“கப்பலில் ஆயிரம் விளக்குகள். மனிதர் ஒரே ஒருவர். பின்தளத்தின் ஓரத்தில், கடுகளவு கறுப்பாக, முகமின்றி நிற்கிறார். எதை விட்டுப் போகிறார்? யாரைத் திரும்பிப் பார்க்கிறார்? ஓவியர் சொல்லவில்லை. இந்தப் பிரம்மாண்டத்தின் உயிர் அந்தக் கடுகில் இருக்கிறது.”

உயிர் இருந்த கடுகு, ஆணிக்காரரின் கால்சட்டைப் பையில், ஈரத்துணியில் மடிந்து கிடந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். கத்தவும் முடியாது, சொல்லவும் முடியாது. போதாக்குறைக்கு முதலாளியம்மா அந்தப் பக்கமாக வந்தார்.

“படிச்சீங்களா? பிரமாதமா எழுதியிருக்கார். நாளைக்குப் பார்வைக்குத் திறக்கிறோம். வர்றவங்க எல்லாம் முதல்ல அந்த ஆளைத்தான் தேடுவாங்க. அங்க ஒரு விளக்கு போட்டுடுங்க.”

“எங்கம்மா?”

“அந்த ஆள் மேல.”

விளக்கு போட்டார். ஆள் இல்லாத இடம் பளபளவென்று தெரிந்தது.

வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தவரை மனைவி கொஞ்ச நேரம் பார்த்தாள். விஷயத்தை வாங்கிவிட்டாள்.

“ஒரு ஆளைக் கடல்ல தள்ளிவிட்ட மாதிரி இருக்குடி.”

“ஒரு புள்ளிக்கா இந்தப் பாடு? என் தம்பி எதுக்கு இருக்கான்?”

அவள் தம்பி பெயர்ப்பலகை எழுதுகிறவன். எல்லோருக்கும் அவன் போர்டு. தெருக்கோடியிலிருந்து பார்த்தாலும் படிக்க வேண்டும் என்பது அவன் தொழில் தர்மம். அதை அந்த நேரத்தில் யாரும் யோசிக்கவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்குப் பின்வாசல் வழியாக வந்தான். கப்பலைப் பார்த்ததும் வாயைப் பிளந்தான்.

“மாமா! யம்மாடி! இது கப்பலா, ஊரா?”

“ஊரை அப்புறம் சுத்திப் பார்க்கலாம். அந்தா, விளக்கு விழுற இடத்துல ஒரு புள்ளி வை. கடுகளவு.”

“புள்ளி வைக்கத் தெரியாதவனா நான்? இந்த ஊர்ல பாதி கடை என் புள்ளியிலதான் மாமா நடக்குது.”

பெட்டியைத் திறந்து இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்தான். அது சுண்டுவிரல் தடிமன் இருந்தது. மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு புள்ளி வைத்தான். புளியங்கொட்டை அளவு வந்தது.

“டேய்!”

“தலைதான் மாமா. இவ்வளவு பெரிய தலை வந்தப்புறம் உடம்பு கொடுக்கலேன்னா பாவம்.” உடம்பு வந்தது. “ஐயோ, கால் ரெண்டும் ஒண்ணுக்கொண்ணு சேரமாட்டேங்குதே. இருங்க, மறைச்சுடறேன்.” இரண்டு இழுப்பு. “கவுன் போட்டாச்சு.”

“ஆம்பளைடா அது!”

“புத்தகத்துல ஆம்பளைன்னா போட்டிருக்கு? மனிதர்னுதானே போட்டிருக்கு. பொம்பளைங்க மனுசங்க இல்லையா மாமா?”

பக்கத்தில் தொங்கிய உயிர்காப்புப் படகைவிட உயரமாக, கவுன் பறக்க, ஒரு பெண் நின்றாள். பிள்ளையார் பிடிக்கக் குரங்கானதைத்தான் இதுவரை கேள்விப்பட்டிருக்கிறோம். புள்ளி வைக்கப் பெண்ணானதை ஆணிக்காரர் கண்ணால் கண்டார். ஈரத்துணியை எடுத்துப் பாய்ந்தார்.

“தொடாதீங்க! இது பத்து வருஷம் வெயில் மழை தாங்குற பெயிண்ட். உடனே பிடிச்சுக்கும். சுரண்டினாத்தான் போகும். சுரண்டினா கப்பலும் கூடவே போகும்.”

வாசலில் முதலாளியம்மாவின் கார்க்கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. போர்டு பெட்டியோடு பின்பக்கம் ஓடினான். உள்ளே வந்தவர் மூக்கைச் சுருக்கினார்.

“என்ன பெயிண்ட் வாடை?”

“கதவுக்கு அடிச்சோம்மா.”

“எந்தக் கதவுக்கு?”

ஆணிக்காரர் வாய்க்கு வந்தபடி பின்பக்கம் கையைக் காட்டினார். நல்ல வேளையாக முதலாளியம்மாவுக்குப் போன் வந்தது. அவர் பேசி முடிப்பதற்குள் ஏதாவது ஒரு கதவுக்குப் பெயிண்ட் அடித்தே ஆக வேண்டும். போர்டிடம் அதிகம் இருந்தது சிவப்பு. ஐந்தே நிமிடத்தில் கழிவறைக் கதவு ரத்தச் சிவப்பில் ஜொலித்தது. பேச்சு சுவாரஸ்யத்தில் நடந்தபடியே வந்த முதலாளியம்மா அதன் மேல்தான் சாய்ந்து நின்று மீதியைப் பேசினார்.

போனை வைத்தவர் தன் வெள்ளைக் கோட்டின் கையைப் பார்த்தார். கதவைப் பார்த்தார். ஆணிக்காரரைப் பார்த்தார்.

“இதுக்குச் சிவப்பு அடிக்கச் சொன்னது யாரு?”

“வர்றவங்களுக்கு வழி தெரியணும்னு…”

“சனிக்கிழமை ஏலம் முடிஞ்சதும் என் ரூமுக்கு வாங்க. பேசணும்.”

இருபத்திரண்டு வருடத்தில் முதலாளியம்மா அவரை அறைக்குக் கூப்பிட்டதே இல்லை. சிலந்தி நூல் எடுத்தவரைத்தான் கூப்பிட்டார்.

பதினொரு மணிக்குக் கூடம் திறந்தது. முதலில் வந்தவர் பூதக்கண்ணாடி. தான் எழுதியதைத் தானே ரசிக்க நேராகக் கப்பலிடம் போனார். கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் குனிந்தவர், அப்படியே நின்றார். ஆணிக்காரர் தூணுக்குப் பின்னால் நின்று, மனைவியிடம் எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

பூதக்கண்ணாடி ஒரு விஷயத்தைத் தவறாகப் பார்த்துவிட்டதாக இதுவரை சரித்திரமே இல்லை. அந்தச் சரித்திரம் அன்றைக்கும் காப்பாற்றப்பட்டது.

“பெண்!” என்றார், கண் கலங்க. “முதல் பார்வைக்கு ஆண் மாதிரி தன்னை மறைச்சுக்கிட்டு நின்னா. மறுபடி வந்து பார்க்கிறவனுக்குத்தான் தன்னைக் காட்டுறா. என்ன ஓவியன்யா இவன்!”

ஒரு மணி நேரத்தில் பட்டியல் புத்தகங்களுக்குள் ஒரு துண்டுச் சீட்டு செருகப்பட்டது. ‘திருத்தம்: பின்தளத்தில் நிற்பவர் ஒரு பெண்.’

மத்தியானம் கேப்டன் வந்தார். ஓய்வு பெற்ற கப்பல் தலைவர். கப்பல் படம் எங்கே ஏலத்துக்கு வந்தாலும் வந்து தப்புக் கண்டுபிடித்துவிட்டுப் போவார். இதுவரை ஒன்றும் வாங்கியதில்லை. இந்தக் கப்பலை ஓரத்திலிருந்து ஓரம் வரை, கயிறு கயிறாகப் பார்த்துக்கொண்டே வந்தார். அவர் முகம் மாறுவதை ஆணிக்காரர் பார்த்தார்.

“வரைஞ்சவனுக்குக் கடல் தெரியும்” என்றார் கேப்டன். அவர் குரலே இறங்கிவிட்டிருந்தது. “மூக்கு தண்ணிய வெட்டுற இடத்துல அந்தப் பச்சையைப் பாருங்க. அந்தப் பச்சையை நடுக்கடல்ல நின்னவன்தான் பார்த்திருப்பான். நாலு புகைபோக்கியில மூணுலதான் புகை வருது. ஏன் தெரியுமா? நாலாவது சும்மா அழகுக்கு. தெரிஞ்சவன் போட்ட படம்.”

ஆணிக்காரருக்குத் தன் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் புகழ்ந்ததைப் போல இருந்தது. கேப்டன் பின்தளத்துக்கு வந்தார்.

“இதென்ன? புகை எல்லாம் இடது பக்கம் போகுது. இந்தம்மா கவுன் மட்டும் வலது பக்கம் பறக்குது? ஒரே கப்பல்ல ரெண்டு காத்தா?”

கூட்டம் சிரித்தது. ஒருவர் பாக்கியில்லாமல் எல்லோரும் கவுனைப் பார்த்தார்கள்.

சாயங்காலம் கூடம் மூடியதும் போர்டு மறுபடி வரவழைக்கப்பட்டான். “எனக்குக் கை வாட்டம் வலது பக்கம்தான் மாமா” என்று நியாயம் சொன்னான். காவல்காரர் இன்னும் நாற்காலியில் இருந்தார்.

“வாட்ச்மேன், போய் மூணு டீ வாங்கிட்டு வாங்க. நான் பார்த்துக்கிறேன்.”

காவல்காரர் போர்டின் பெட்டியைப் பார்த்தார். தூரிகையைப் பார்த்தார். எழுந்து போனார்.

“கவுனை அவளே ஒரு கையால பிடிச்சு அடக்கிக்கிற மாதிரி போட்டுடறேன்” என்றான் போர்டு. கை வந்தது. “ஒரு கை பிடிச்சிருக்கு, இன்னொரு கை சும்மா தொங்கினா நல்லாவா இருக்கு? ஒரு கைக்குட்டை கொடுத்துடறேன்.”

“வேணாம்டா!”

வந்துவிட்டது. வெள்ளைக் கைக்குட்டை. அதுவும் வலது பக்கமே பறந்தது. ஹால் வாசலில் நின்றாலே தெரிந்தது. தெருக்கோடிக்குத் தெரிந்தாலும் ஆச்சரியமில்லை.

ஆணிக்காரர் திரும்பினார். வாசலில் மூன்று டீயோடு காவல்காரர் நின்றுகொண்டிருந்தார். எவ்வளவு நேரமாக நின்றாரோ தெரியாது. கைக்குட்டையை இமைக்காமல் பார்த்தார். டீயைத் தரையில் வைத்தார். தன் நாற்காலியில் போய் உட்கார்ந்து, தலையைக் குனிந்து, ஷூவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாமா, டீ ஆறுது” என்றான் போர்டு.

ஆணிக்காரருக்கு டீயா இறங்கும்? பார்த்துவிட்டார். இனி அவர் வாயைத் திறந்தால் முடிந்தது. அவர் பேசாதவர்தான். ஆனால் பேசாதவர்கள் எப்போதாவது பேசினால் ஊரே நம்பிவிடும்.

வெள்ளிக்கிழமை முழுவதும் காவல்காரர் ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியவர் பூதக்கண்ணாடி. கைக்குட்டையைக் கண்டதும் கண்ணாடியை ஒரு தடவை துடைத்துவிட்டுப் பார்த்தார். பிறகு இரண்டாவது சீட்டு அச்சாகி வந்தது. ‘திருத்தம்: அவள் கையசைக்கிறாள். கப்பல் ஒரு காற்றில் போகிறது. பிரிகிறவள் வேறொரு காற்றில் நிற்கிறாள். ஓவியர் இதைத் தெரிந்தே செய்திருக்கிறார்.’

காட்டுத்தீ மாதிரி செய்தி பரவியது. பின்தளத்துக்கு எதிரே வரிசை நின்றது. இவ்வளவு பெரிய கப்பல் கண்ணுக்கெதிரே கடலைப் பிளந்துகொண்டு வர, ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. ஆணிக்காரருக்கு அதுதான் வேலை போவதைவிட வலித்தது. ‘நான்தானே இந்தக் கப்பலைக் கெடுத்தேன், அழகாக இருக்கட்டும் என்று நினைத்து நான்தானே கெடுத்தேன்’ என்று தூணுக்குப் பின்னால் நின்று புழுங்கினார்.

சனிக்கிழமை ஏலம். உட்கார இடமில்லை. ஆணிக்காரர் படத்துக்கு ஒரு பக்கம், வழக்கப்படி, கைகளைக் கட்டி நின்றார். மறுபக்கம் காவல்காரர். விலை ஏறிக்கொண்டே போனது. பாதிப்பேர் கழன்றுகொண்டார்கள். கடைசியில் போனில் பேசிய யாரோ ஒருவரும், மூன்றாவது வரிசையில் ஒருவரும் மட்டும் மிஞ்சினார்கள். மூன்றாவது வரிசையில் கையைத் தூக்கிக்கொண்டிருந்தவர் கேப்டன்.

சுத்தியல் விழுந்தது. கப்பல் கேப்டனுக்கு.

“காத்து தப்புன்னு சொன்னீங்களே சார்?” என்றார் பக்கத்தில் இருந்தவர்.

“தப்புதான். இப்பவும் தப்புதான்.” கேப்டன் எழுந்து படத்தின் முன்னால் வந்தார். “முப்பத்தாறு வருஷம் கப்பல் ஓட்டினேன். எப்பவும் முன்னாலதான் பார்த்தேன். பின்னால யாரு நின்னாங்க, யாருக்குக் கையாட்டினாங்கன்னு ஒரு நாள்கூடத் திரும்பிப் பார்த்ததில்ல. ரெண்டு நாளா இந்தம்மா என்னைத் தூங்க விடல.”

 ஆணிக்காரர் நிமிர்ந்து பார்த்தார். அத்தனை பேர் கண்ணும் பின்தளத்திலிருந்து நகர்ந்து, விளக்கெரியும் ஜன்னல்கள் வழியே, நான்கு புகைபோக்கிகளையும் தாண்டி, அந்தப் பச்சைத் தண்ணீர் வரை மெல்லப் போய்க்கொண்டிருந்தன. யாரோ ஒருவர் நாற்காலிக் கையைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். அவருக்கும் தரை ஆடுகிறது என்று ஆணிக்காரருக்குப் புரிந்தது. 

முதலாளியம்மா அறைக்குக் கூப்பிட்டார். ஆணிக்காரர் கூடத்துச் சாவிக்கொத்தைக் கையோடு எடுத்துப்போய் மேஜையில் வைத்தார்.

“இதை ஏன் என்கிட்ட கொடுக்கிறீங்க? இருபத்திரண்டு வருஷமா ஒரு படத்துலகூட விரல் படாம பார்த்துக்கிட்டவர் நீங்க. இனிமே இந்தக் கூடத்துக்கு நீங்கதான் பொறுப்பு. அதைச் சொல்லத்தான் கூப்பிட்டேன்.” முதலாளியம்மா கோட்டுக் கையைப் பார்த்துக்கொண்டார். “அந்தக் கதவை மட்டும் பழைய கலருக்கு மாத்திடுங்க.”

ஆணிக்காரர் கூடத்துக்குத் திரும்பியபோது நாற்காலிகள் காலியாக இருந்தன. படத்தை இறக்கிப் பொதிய வேண்டும். காவல்காரர் மட்டும் கப்பலின் முன்னால் நின்றிருந்தார். தொப்பி கையில் இருந்தது.

ஆணிக்காரரும் பக்கத்தில் போய் நின்றார். கறுப்புச் சுவர் இருவரையும் நோக்கி வந்துகொண்டே இருந்தது. எத்தனை தடவை பார்த்தாலும் அது வந்துகொண்டேதான் இருந்தது.

“வாட்ச்மேன்” என்றார் ஆணிக்காரர். அதற்கு மேல் அவரால் தாங்க முடியவில்லை. “உங்களுக்கு எல்லாம் தெரியும். புதன்கிழமையே தெரியும். ஏன் மேல சொல்லல?”

“சொன்னா என் வேலையும் போயிடுமே சார்.”

“உங்க வேலை எதுக்குப் போகணும்? படத்தைத் தொட்டது நான்.”

காவல்காரர் பளபளக்கும் தன் ஷூவை ஒரு தடவை பார்த்தார். அந்த வாரம் முழுவதற்குமான பேச்சை ஒன்றாகச் சேர்த்துப் பேசினார்.

“இவ்வளவு பெரிய கப்பல்ல ஒருத்தரும் இல்லையேன்னு, போன வாரம் தீக்குச்சி முனையில ஷூ பாலிஷைத் தொட்டு, பின்னால ஓரமா நானே போய் நின்னுக்கிட்டேன் சார். அழிச்சதுகூடப் பரவால்ல; எனக்கு எதுக்கு சார் கவுன் மாட்டி விட்டீங்க?”